தலைகீழாக நடந்த அதிகாரிகளுக்காக ஒரு ஜெபம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சபையில், ஆராதனை நடுவே, அடக்கமாட்டாமல் வெடித்த ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது இந்தக் கதை. சிரித்தது யார் என்று இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். கொஞ்சம் இருங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தக்கலையின் மேல் மழை சோகமாக…" சே! அன்றைக்கு மண்டை பிளக்கிற வெயில்.

இரண்டாவது தொடக்கம்: "ஜான்ரோஸுக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் தக்கலையில் பேப்பர் ஏஜென்ட். மனைவி ராஜபாய் இறந்து இரண்டு வருஷம். பிள்ளைகள் இல்லை." அழகில்லைதான், ஆனால் பொய்யும் இல்லை. இருக்கட்டும்.

2

விற்காத பழைய பேப்பர்கள் அவர் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. (நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை. ராஜபாய் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சொன்னதைக் கேட்டு நானே அடுக்கி வைத்தேன்.) ராஜபாய் இருந்த நாளில், காலையில் ஒரு பழைய தலைப்பை எடுத்துச் சத்தமாக வாசிப்பார்: "சிலையின் மூக்கு பெரிது: இரு கட்சியினர் மோதல்!"

"பொறவு?" என்பாள் ராஜபாய், மீன் வெட்டிக்கொண்டே.

"பொறவென்ன, மூக்கைத் தனியா எடுத்து அதுக்கு ஒரு பீடம் கெட்டினாவ. மூக்கு இடைத்தேர்தல்ல நின்னு டெபாசிட் போச்சு."

"போங்க அங்கோட்டு!" என்று அவள் சிரிக்கிற சிரிப்பில் மீனும் கத்தியும் அப்படியே நின்றுவிடும்.

அவள் போனபிறகு "பொறவு?" கேட்க ஆளில்லை. அவரே வாசித்தார், அவரே கேட்டார், அவரே பதிலும் சொன்னார். சிரிக்கத்தான் முடியவில்லை. தன் பகடிக்குத் தானே சிரிக்கிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள், உங்களுக்குத் தெரியும்.

அதனால் எழுதத் தொடங்கினார். எதில்? ஜெப விண்ணப்பச் சீட்டில். ராஜபாய் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் வாராவாரம் எழுதிச் சபைப் பெட்டியில் போட ஒரு கட்டே வாங்கி வைத்திருந்தார். அவள் போன பிறகும் பாதிக் கட்டு மிச்சம்.

[இங்கே அவர் அழுதார் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அழுதாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?]

3

ராஜபாயின் இரண்டாம் வருஷ நினைவு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சட்டைப் பையில் இரண்டு சீட்டு. ஒன்று அவளுக்கான ஸ்தோத்திரம். மற்றது முந்தின நாள் எழுதிய பகடி. எந்தச் சீட்டானாலும் தலையில் பெயர் எழுதுவது அவருக்குக் கைப்பழக்கம். கைதவறிப் பெட்டிக்குள் போனது மற்றது.

அன்றைக்கு நாற்பது சீட்டு. போதகர் ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டே போனார். "சகோதரர் ஜான்ரோஸ். கண்காட்சியில் தலைகீழாக மாட்டியிருந்த ஓவியத்தை மந்திரி பாராட்டிவிட்டபடியால், அவர் சொன்னது தப்பாகாமலிருக்க, மூன்று மாதமாகத் தலைகீழாக நடக்கிற அதிகாரிகளுக்காகவும், அப்பாவை அடையாளம் தெரியாமல் தவிக்கிற அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும்…"

"ஆமென்" என்றது சபை.

ஜான்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டார். காது ரெண்டும் சிவந்துவிட்டது. அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது அந்தச் சிரிப்பு. உடனே இருமலாக மாறி அடங்கியும் போனது. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பெண்கள் எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்தார்கள்.

வெளியே வந்ததும் பக்கத்து பெஞ்சு மத்தியாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய், அந்த ஆபீசர்மாருக்கு இப்ப லேசா கொறவு உண்டா? நெய்யூர் ஆஸ்பத்திரியில காட்டினாவளா?"

"கொறவு உண்டு" என்றார் ஜான்ரோஸ். வேறென்ன சொல்ல? அவர் கண் பெண்கள் இறங்குகிற படியிலேயே இருந்தது. இரண்டு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு. அது யாருடையது என்று தெரிந்தே ஆகவேண்டும் அவருக்கு.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) சிரித்தது ராஜபாயின் ஆவி. (எங்கள் சபையில் பேய்க்கு அனுமதி கிடையாது.)

ஆ) துபாயிலிருந்து வந்த மகள் சிரித்தாள். (பிள்ளைகள் இல்லை என்று நான்தானே எழுதினேன்!)

இ) சிரித்தது நான்.

ஆமாம், நான்தான். ஜெபகனி, ஐம்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை, தக்கலையில் ஜெராக்ஸ் கடை. வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கடுத்த நாலு ஞாயிறும் அவர் சபை வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நாலு ஞாயிறும் நான் பின்கதவு வழியாகப் போனேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. சபையில் சிரித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடி சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாச்சு என்று யோசித்தபோது பயம் வந்துவிட்டது. ஒருவேளை அவரிடம் போய், அவர் இன்னொன்று சொல்லி, எனக்குச் சிரிப்பு வராமல்…

வேண்டாம்.

5

போன ஞாயிறு போதகர் வாசித்தார்: "சகோதரர் ஜான்ரோஸ். அன்றைக்குச் சிரித்த சகோதரிக்காக ஸ்தோத்திரம். இனி வாசலில் நிற்கமாட்டேன், பயப்படவேண்டாம்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

இதற்குமேல் எழுத என்னால் ஆகாது. நீங்கள் தக்கலைப் பக்கம் வந்தால் பேப்பர் ஏஜென்ட் ஜான்ரோஸ் வீடு எது என்று கேளுங்கள், யாரானாலும் காட்டுவார்கள். சிரித்தது ஜெபகனி என்று மட்டும் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் வந்து சொல்லவேண்டாம்.

இல்லை, சொல்லுங்கள். எட்டரைக்கே கடையைத் திறந்துவிடுவேன்.