அம்மா சொன்னதுதான்

டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பதில் அந்த மருந்துக்கடைக்காரம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. மருந்துச்சீட்டில் முதல் இரண்டு எழுத்து புரிந்தால் போதும். மீதி கோழி கிளறியதுபோல் இருந்தாலும் சரியான பெட்டி மேசைக்கு வந்துவிடும். இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அந்தச் சாமர்த்தியத்தைக் கடையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். மகராசி வீட்டுக்கும் அல்லவா கொண்டுவந்தாள்!

அவளுடைய ஒரே மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. "அம்மா, த... த..." என்பான். "தண்ணிதானே, இந்தா" என்று டம்ளர் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், சொந்தக்காரர் வீட்டில் எங்கேயும் அவன் ஆரம்பிப்பான், அவள் முடிப்பாள். பெற்ற பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? எல்லாம் பாசம்தான். அப்படியே அவனுக்கு முப்பது வயதாகிவிட்டது.

கண்ணாடி மாற்ற வந்த ஒரு டீச்சரை அவனுக்குப் பிடித்துப்போனது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "திக்குறதெல்லாம் ஒரு குறையே இல்ல. எம்பொண்ண ஏன் பிடிச்சிருக்குன்னு அந்தத் தம்பி வாயால ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

மூன்று நாள் சாயங்காலம் மகன் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் வந்தான். "நீ... நீ பே... பேசாதம்மா."

"வாய்க்குப் பூட்டு போட்டுக்கிறேன்டா, போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் மகளோடு வந்தார். உட்கார்ந்தார், கேட்டார். மகன் நிமிர்ந்தான். "நா... நா... நான்..." கழுத்து நரம்பு புடைத்தது. டிரைவர் அவசரப்படவில்லை. வாழ்நாளெல்லாம் சிக்னலில் நின்று பழகிய மனுஷர், கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கினாள், சுவரைப் பார்த்தாள். முடியவில்லை.

"அவ அடக்கமான பொண்ணு, பொறுப்பான பொண்ணு, நம்ம குடும்பத்துக்கு ஏத்தவன்னு சொல்ல வர்றான்" என்றாள்.

டிரைவர் அவளைப் பார்க்கவே இல்லை. "அப்படியா தம்பி?"

மகன் தரையைப் பார்த்தான். "அ... அம்மா சொ... சொன்னதுதான்."

இரண்டு நாள் கழித்து டிரைவரிடமிருந்து போன் வந்தது. "தங்கமான பையங்க. ஆனா நாளைக்குப் புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒரு பேச்சுன்னா, அவன் பதிலும் உங்ககிட்டேருந்துதான் வரும் போல. எம்பொண்ணும் அதத்தாங்க சொல்றா. வேணாம், விட்டுருங்க."

ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கவில்லை. கடைக்குள் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள். மகன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். ஏதாவது வேண்டுமென்றால் அவனே எழுந்து எடுத்துக்கொண்டான். அதுதான் அவளை அதிகமாகக் கொன்றது.

ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் கேட்டேவிட்டாள். "அன்னிக்கு என்னடா சொல்ல வந்த?"

"வி... விடும்மா."

"சொல்லுடா கண்ணு. சத்தியமா நான் வாயத் திறக்கல."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவன் தொடங்கினான். "நா... நான்..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்று தடவை அவளுக்கு ஒரு வார்த்தை தோன்றியது. மூன்றும் தப்பு.

"நான் பே... பேசி மு... முடிக்கிற வ... வரைக்கும் அவ கா... காத்துட்டிருப்பாம்மா."

அவ்வளவுதான். முழுதாகச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.