நாற்பத்தொரு வெள்ளிக்கிழமைகள்

சோபியா மூன்றாவது முறையாகத் தேடச் சொன்னாள். திரையின் அடியில் மூன்றாவது முறையாக அதே பதில். ஒன்றும் கிடைக்கவில்லை.

“அக்கா, மணி ஒண்ணாகப் போவுது,” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபஹ்மிதா. நெற்றி முழுக்க வியர்வை. “அத்தா ஜும்மா தொழுகை முடிச்சு வர்றதுக்குள்ள நான் வூட்ல இருக்கணும்.”

“இரு புள்ள. தேடுறது மெஷினு. அதை வெரட்ட முடியுமா?”

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்தது சோபியா வேலை பார்க்கும் அந்த பிரவுசிங் சென்டர். 2005-ஆம் வருடம். ஃபஹ்மிதாவின் கணவன் அஸ்லாம் சவூதிக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. பாலைவனத்துக்குள் கேம்ப், அங்கே போன் கிடையாது, லீவு நாளான வெள்ளிக்கிழமை மட்டும் டவுனுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று எழுதியிருந்தான். அங்கிருந்து இந்தக் கடையின் முகவரிக்கு வாரம் ஒரு மெயில் வரும். சனிக்கிழமை ஃபஹ்மிதா வந்தால் சோபியா அச்செடுத்துக் கொடுப்பாள். இதுவரை நாற்பத்தொரு கடிதங்கள். ஒரு தடவைகூட அவன் குரல் வரவில்லை.

“காயிதத்துக்கா பொண்ணு கட்டிக் குடுத்தேன்?” என்று வெடித்துவிட்டார் அவள் அத்தா நஜீமுதீன். இன்று சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் ஜமாத்தில் வைத்து இந்தக் கல்யாண உறவை வெட்டிவிடப் போகிறார். மகள் காலைப் பிடித்துக் கெஞ்சியதில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது. ஒரு நம்பர் கொடு, மாப்பிள்ளை குரலைக் கேட்டுவிட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

அந்த நம்பரைத்தான் சோபியா தேடிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு மெயிலையும் தலைமுதல் கால்வரை ஒரே கோப்பில் கொட்டியிருந்தாள்.

“நம்பரே தெரியாம நம்பரை எப்படிக்கா தேடுவீங்க?”

“ஆளைத் தெரியாட்டியும் காக்கிச் சட்டையைப் பாத்தா போலீசுன்னு சொல்லிடுறமில்ல? அப்படித்தான். ஆளைத் தேடல, சட்டையைத் தேடுறேன். பத்து இலக்கம் சேர்ந்தாப்ல எங்க வந்தாலும் புடின்னு சொல்லியிருக்கேன்.”

“புடிக்கலையே.”

“சட்டையை மாத்துவோம்.”

நடுவில் கோடு வரலாம் என்று மாற்றினாள். இல்லை. இடைவெளி வரலாம் என்றாள். இல்லை. புள்ளியும் வரலாம் என்று மாற்றித் தட்டினாள்.

திரை முழுக்கப் பளிச்சென்று மஞ்சள் பூத்தது.

எல்லாம் கடிதத்துக்கு மேலே, புரியாத இங்கிலீஷ் வரிகளாக நிற்கும் தலைப்பகுதியில். அச்செடுக்கும் முன் வாராவாரம் சோபியா அதைக் கழித்துவிடுவாள். முதல் காலி வரி வரைக்கும் இருப்பதைத் தேடு, அந்த இடத்தில் ஒன்றுமில்லாததைப் போடு. ஒரே தட்டில் சுத்தம். நாற்பத்தொரு வாரமாக ஒரு நாளும் படித்துப் பார்க்காமலே துடைத்திருக்கிறாள்.

இப்போது தலைகீழாகச் செய்தாள். தேதியையும் அந்த எண்ணையும் விட்டுவிட்டு மற்ற அத்தனையையும் ஒன்றுமில்லாததாக மாற்று.

நாற்பத்தொரு வரிகள் மிஞ்சின.

ஒவ்வொன்றும் வெள்ளிக்கிழமை. நம்மூர் நேரப்படி மதியம் ஒன்றே கால், ஒன்று இருபது. எல்லா வரியின் கடைசியிலும் ஒரே எண்.

“இதான் மச்சான் நம்பராக்கா?”

“போன் நம்பர் இல்ல புள்ள. மெயில் எந்த லைன்லேருந்து கிளம்புச்சோ, அந்த லைனோட நம்பர். இதை வச்சு ஊரைக் கண்டு…”

சோபியா முடிக்கவில்லை. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். போன மாதம் இன்டர்நெட் படுத்துக்கொண்டபோது ரிப்பேருக்கு வந்தவர் அவளை ஐந்து தடவை அதை ஒப்பிக்க வைத்தார்.

இந்தக் கடையின் எண்.

இந்த எண் இல்லாத வரி ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்றே காலுக்குத் தெருவில் மற்ற பிரவுசிங் சென்டர்களின் ஷட்டர்கள் இறங்கியிருக்கும், முதலாளிகள் பள்ளிவாசலில் இருப்பார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகிற சோபியா உட்கார்ந்திருப்பதால் இது ஒன்றுதான் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குத் தவறாமல் ஒருத்தன் வருவான். தலையைத் தூக்காமல் நோட்டில் ‘முகமது அனஸ்’ என்று எழுதிவிட்டு மூலை கேபினுக்குள் நுழைந்துகொள்வான். இருபது நிமிடம்.

மணி ஒன்று எட்டு.

“ஃபஹ்மிதா, நீ வூட்டுக்குப் போ. நான் பாத்துட்டு…”

“நம்பர் இல்லாம எங்கக்கா போவேன்? என்ன, மூஞ்சி வெளுத்துப் போச்சு உங்களுக்கு?”

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

கண்ணாடிக் கதவு திறந்தது. வந்தவன் வழக்கம்போல் குனிந்தபடி நோட்டருகே வந்து பேனாவை எடுத்தான். ஃபஹ்மிதா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய, அந்தச் சத்தத்துக்குத்தான் நிமிர்ந்தான். பேனா கையிலிருந்து நழுவியது.

“மச்சான்.”

ஃபஹ்மிதா அழவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அத்தா அசருக்கு ஜமாத்துல பேசப் போறாக. உங்க குரலைக் கேட்டாப் போதும்னாக. வாங்க, வந்து நில்லுங்க. ஏன் ஒளிஞ்சீங்கன்னு நான் கேக்கல. சவூதிலேருந்து எப்ப வந்தீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க.”

“வரல,” என்றான் அஸ்லாம்.

“என்னது?”

“போயிருந்தாத்தானே வர்றதுக்கு. பம்பாயில ஏஜெண்ட் குடுத்தது பொய் விசா. நான் ஃப்ளைட்டே ஏறல, ஃபஹ்மிதா. பத்து மாசமா இங்க பக்கத்துல பாடாலூர்ல, ரோட்டோர ஹோட்டல்ல புரோட்டா போடுறேன்.”