பன்னிரண்டாவது பாவாடை

என் பாவாடையின் வயதை எவரும் எண்ணிச் சொல்லிவிடலாம். அம்மா எனக்குத் தைக்கும் ஒவ்வொரு பாவாடையிலும் கீழ்க்கரைக்கு மேலே மூன்று மடிப்புகள் வைப்பாள். நான் வளர வளர ஆண்டுக்கொரு மடிப்பைப் பிரித்துவிடுவாள். மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, மடிப்பினுள் மறைந்திருந்த துணி மட்டும் வாங்கிய நாளின் நிறத்தோடு ஒரு பட்டையாக வெளிப்படும். மூன்று பட்டை தெரிந்தால் பாவாடைக்கு வயது நான்கு.

“சந்திரகலா, ஒன் பாவாடைக்கு இது எத்தினியாவது பொறந்தநாளுடி?” என்று வசந்தா கேட்பாள். வகுப்பு சிரிக்கும். வசந்தாவின் உடுப்புகள் தையற்கடையில் தைத்தவை. அவற்றில் மடிப்பு இராது. அவள் வளர்ந்தால் பாவாடை வேலைக்காரியின் மகளுக்குப் போகும்.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் தையலுக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. அம்மா அஞ்சலாட்சி துணியை வெட்டி, கையால் சுற்றும் மெஷினில் ஓட்டுவாள். அக்கா கமலா கொக்கி வைப்பாள், காஜா எடுப்பாள். ஊசிக்கு நூல் கோப்பதும், தையல் முடிந்தபின் தற்காலிகமாகப் போட்ட ஓட்டு நூலை உருவுவதும் என் பங்கு. மெஷின், அம்மா வேலை பார்த்த வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாம் கப்பலேறுமுன் கொடுத்துவிட்டுப் போனது. தைக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவளே. மெஷினோடு வந்த அளவு நாடாவில் சென்டிமீட்டர் மட்டுமே இருந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்த நாடாவின் எண்கள் மட்டும் பிழையறத் தெரியும். ஒரு விரற்கடை துணியும் அவள் கத்தரியில் வீணானதில்லை. அந்தத் திறமையைத்தான் நான் உடம்பெல்லாம் போர்த்துக்கொண்டு, அதற்காகவே கூசித் திரிந்தேன்.

நான் கூசாமல் நிமிர்ந்து நின்ற இடம் ஒன்றே ஒன்று. பதிகம் பாடும்போது என் பாவாடையை யாரும் பார்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றும். எங்கள் பள்ளியில் தமிழ் நடத்திய செல்வாம்பாள் டீச்சர் கடலூரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவர். காலை வணக்கத்தில் என் குரலைக் கேட்டுவிட்டு, “முதலடி இனிமேல் நீ எடு. மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடட்டும்” என்றார். அதுவரை முதலடி எடுத்தவள் வசந்தா. அன்று முதல் என் உயிர் அந்த முதலடியில் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு மாசி மகம் நெருங்கிற்று. வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் மூர்த்திகளின் முன்னே எங்கள் பள்ளிப் பெண்கள் பன்னிரண்டு பேர் பாடுவது என்று டீச்சர் ஏற்பாடு செய்தார். பன்னிருவருக்கும் மாந்தளிர் நிறத்தில் ஒரே மாதிரிப் பாவாடை. துணியைக் கடலூரில் தாமே எடுத்துவருவதாகச் சொன்னார்.

“உங்கம்மா தைப்பாங்கதானே? ஒரு பாவாடைக்கு எவ்வளவு துணி வேணும்னு கேட்டுக்கிட்டு வா.”

அம்மா என்னை நிற்கவைத்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நாடாவை விட்டுப் பார்த்தாள். “ஆளுக்கு ரெண்டரை மீட்டர். மடிப்பு வச்சித்தான் தைப்பேன், நாலு வருசத்துக்கு வரும்னு சொல்லு.”

மடிப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. மறுநாள் டீச்சரிடம், “ரெண்டரை, டீச்சர்” என்றேன்.

“ரெண்டரை கெஜமா?”

கெஜம் என்பதைப் புடவைப் பேச்சில் கேட்டிருக்கிறேன். மீட்டருக்குக் கடலூர்ப் பக்கத்தில் வழங்கும் பெயர் போலும் என்று எண்ணினேன். முழு உறுதி இல்லை. கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் வசந்தா நின்றாள். தையற்காரி மகளுக்கு அளவு தெரியவில்லை என்று அவள் வாயில் விழ நான் விரும்பவில்லை.

“ஆமா டீச்சர்.”

முப்பது கெஜம் துணி நான்கு நாளில் வந்தது. அம்மா அதைப் பள்ளியிலிருந்து தலைமேல் வைத்துக் கொண்டுவந்து, பாய் விரித்து, மடங்கல் மடங்கலாக நாடாவால் அளந்தாள். அளந்து முடித்துத் திரும்ப அளந்தாள்.

“எத்தினி குடுத்ததா சொன்னாங்க?”

“முப்பது” என்றேன்.

“இருபத்தேழரைகூட நெறைவா இல்லியே. கடைக்காரன் ஏமாத்திட்டானா? பதினோரு பாவாடைக்குத்தான் வரும். நாளைக்குக் காலையில மொத வேலையா டீச்சர்கிட்ட சொல்லு. கடைக்காரனைக் கேக்கட்டும். நான் இன்னும் கத்திரி வெக்கல, சொல்லிட்டு வா.”

அன்று மாலையே நான் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்து வாய்ப்பாடுகளைப் புரட்டினேன். கெஜத்துக்கு மூன்று அடி. மீட்டர் அதனினும் நீளம். ஏமாற்றியவன் கடைக்காரன் அல்லன் என்று அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது.

விளங்கிய பின்னும் நான் சொல்லவில்லை. சொன்னால், ‘தெரியாததைத் தெரியும் என்றாயா?’ என்று டீச்சர் கேட்பார். சொல் சுத்தம் இல்லாதவள் முதலடி எடுக்கலாகாது என்பார். வசந்தா மீண்டும் முன்னே வந்து நிற்பாள். காலையில் பள்ளிக்குப் போனேன். டீச்சர் இருமுறை என் எதிரே வந்தார். இருமுறையும் வணக்கம் சொன்னேன். மாலையில் அம்மா கேட்டாள்.

“சொன்னியா? என்னா சொன்னாங்க?”

“சொன்னேன். இருக்கிறத வச்சிப் பாத்துக்கச் சொன்னாங்க.”

“இருக்கிறத வச்சியா? பன்னெண்டாவது புள்ள துணியில்லாமப் போய் நிக்குமா? நல்லாருக்குது போ.” துணியை மடித்து வைத்தாள். “அடுத்தவங்க புள்ளைங்களுக்குச் சொன்ன அளவுல கொறையக் கூடாது. ஒனக்குத்தான் வேற பாக்கணும்.”

பதினொரு பாவாடைகள் மடிப்போடு முறையாக அமைந்தன. மிஞ்சியது நாடா அகலம்கூட இல்லை. எனக்கு, மாந்தளிர் நிறத்திலேயே தான் வைத்திருந்த நூற்புடவையை எடுத்தாள். கோயிலுக்கென்று கட்டுவது அது ஒன்றுதான். அக்கா தடுத்தாள். “இவ பாடறதுக்கு நீ புடவைய அறுக்கணுமாம்மா? கேட்டா என்னா, இன்னும் ரெண்டு மீட்டர் டீச்சர் வாங்கித் தரமாட்டாங்களா?”

“அதான் கேட்டாச்சே. பாத்துக்கச் சொல்லிட்டாங்களே” என்றாள் அம்மா.

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கத்தரி புடவையில் இறங்கும் ஓசை கேட்டது. இப்போதேனும் வாயைத் திற என்று நெஞ்சு இடித்தது. திறக்கவில்லை. நூலைக் கோத்துக் கொடுத்தேன்.

வீட்டு நிழலில் பன்னிரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. மாசி மகத்தன்று காலை கடற்கரை வெயிலில் நாங்கள் வரிசையாக நின்றபோது, பதினொன்று தளிராகவும் ஒன்று சருகாகவும் இருந்தன. அந்த ஒன்று வரிசையின் முன்னே நின்றது. கரையெங்கும் கூட்டம். பல ஊர் மூர்த்திகளும் பல்லக்குகளில் வந்துகொண்டிருந்தனர். மேளம் தொலைவில் கேட்டது. பெண்களைப் பார்க்க வந்திருந்த தாய்மாரிடையே அம்மாவும் நின்றாள். எண்ணெய் வைத்து வாரி முடித்து, வேலைக்குக் கட்டும் புடவையைத் துவைத்துக் கட்டியிருந்தாள்.

டீச்சர் என்னருகே வந்து பாவாடையைத் தொட்டுப் பார்த்தார். “இது நான் குடுத்த துணி இல்லையே?”

நான் பேசுமுன் வசந்தாவின் தாய் ராஜாம்பாள் குனிந்து விளிம்பைத் திருப்பினாள். “ஐய, இது பழம்புடவை டீச்சர். தைக்கிற வூட்ல துணி கொறையறது புதுசா என்னா? பூனைகிட்ட பாலக் காவல் வச்ச கதைதான்.”

இரண்டு மூன்று பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் முகம் சிவந்தது. கூட்டத்தைப் பார்த்து, “அஞ்சலாட்சியம்மா, கொஞ்சம் வாங்க” என்றார். அம்மா வந்தாள்.

“முப்பது கெஜம் குடுத்தேனே. ஒரு பாவாடைத் துணி எங்கே போச்சு?”

“முப்பது கெஜமா?”

அம்மா அதைக் கேட்டதும் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கணக்கு முழுவதும் ஒரு நொடியில் நேராவதைக் கண்டேன். அவள் ஏமாந்தது கடைக்காரனிடம் அல்ல.

“டீச்சர், நான் மீட்டருன்னு சொல்லி அனுப்பினேன். துணி கொறையுதுன்னும் சொல்லி அனுப்பினேன். ஏண்டி, சொல்லுடி. அனுப்பினேனா இல்லியா?”

“எனக்கு யாரும் எதுவும் சொல்லலையே” என்றார் டீச்சர்.

“அவளையே கேளுங்க. சொல்லுடி!”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பல்லக்கு ஒன்று எங்களை நெருங்கிக்கொண்டிருந்தது. பாடலாம் என்று டீச்சர் கையை உயர்த்துவது வழக்கம். அந்தக் கை இன்னும் உயரவில்லை. நான் கண்ணை மூடிக் கைகூப்பி முதலடியை எடுத்துவிட்டேன்.

பின்னால் பதினொரு குரல்கள் தடுமாறி எழுந்து சேர்ந்துகொண்டன. இறைவன் திருநாமத்துக்கு நடுவே யார்தான் பேசுவார்? ராஜாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டீச்சர் விலகி நின்று தாளம் போட்டார். அன்று என் குரல் என்றுமில்லாத அளவு நன்றாக இருந்ததாகப் பலரும் பிறகு சொன்னார்கள். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தபோது அம்மா அங்கே இல்லை.

வீட்டில் அம்மா என்னை அடிக்கவில்லை. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

“அம்மாம் பேரு முன்னால என்னைத் திருடின்னாங்க. அத்தன பேரு முன்னாலயும் நீ பாடின. நாளைக்கு பள்ளிக்கூடத்துல, அந்தப் புள்ளைங்க முன்னால நடந்தத நடந்தபடி சொல்லிட்டு வா. டீச்சர் காதுல மட்டும் ஓதிட்டு வராத.”

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றேன். வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே போயிருந்தேன், ஒவ்வொன்றும் உண்மை. எழுந்ததும் வசந்தா திரும்பிப் பார்த்தாள். அடுக்கியதில் பாதி நழுவிற்று.

“டீச்சர், எங்க வீட்ல அளவு தப்பாயிடுச்சு. அம்மா மீட்டர்ல கணக்குப் போட்டாங்க. நீங்க கெஜத்துல வாங்கினீங்க. அதுல ஒரு பாவாடைத் துணி கொறைஞ்சிபோச்சு. அம்மா எடுக்கல, டீச்சர்.”

டீச்சர் கரும்பலகையில் கணக்கைப் போட்டுப் பார்த்தார். முப்பது கெஜம் இருபத்தேழரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றது. “அடடா! அவசரப்பட்டுக் கேட்டுட்டேனே. உங்கம்மாவுக்குக் கெஜம் தெரியாதா? பாவம். சொல்லி அனுப்பினேன்னு அன்னைக்குப் பதற்றத்துல சொல்லிட்டாங்க போல. தெரியலைன்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே.”

வகுப்பு சிரித்தது. “தைக்கத் தெரியுமாம், அளக்கத் தெரியாதாம்” என்றாள் வசந்தா. அம்மா சொல்லி அனுப்பினாள் என்பது என் நாவின் நுனியில் இருந்தது. அதைச் சொல்ல அந்த இடத்தைவிடத் தக்க இடம் வேறு இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

“சொல்லிட்டியா?” என்று மாலையில் அம்மா கேட்டாள்.

“சொல்லிட்டேன்.”

“எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும்.”

அம்மா பெருமூச்சு விட்டு என் தலையைத் தடவினாள். அந்தக் கை என் தலைமேல் இருந்த நேரம் முழுவதும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சந்தையில் ராஜாம்பாள் அம்மாவைக் கண்டிருக்கிறாள். வீடு திரும்பிய அம்மா கூடையை இறக்காமலே கேட்டாள்.

“தப்பா நெனச்சிட்டேன் அஞ்சலாட்சின்னு அந்தம்மா கையப் புடிச்சிக்கினு சொல்லுது. கெஜம்னா என்னான்னே ஒனக்குத் தெரியாதாமேன்னு கேக்குது. கொறையுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாங்கிக் குடுத்திருப்பாங்களேன்னுது. நான் சொல்லி அனுப்பினத நீ அங்க சொல்லலியா?”

“சொன்னேம்மா. அவங்க சரியாக் கேக்கல.”

அம்மா நம்பினாள். ராஜாம்பாள்மீது கோபம் கொண்டாள், டீச்சர்மீது வருத்தமும் கொண்டாள். அடுத்த ஆண்டு மகத்துக்கும் துணி எடுத்துக்கொண்டு டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தபோது, “அளக்கத் தெரிஞ்சவங்களாப் பாத்துக் குடுங்க டீச்சர்” என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அதன்பின் பிறர் வீட்டுத் துணியில் அவள் கத்தரி வைக்கவில்லை. அவ்வாண்டுப் பாவாடைகளைத் தையற்கடையில் தைத்தார்கள். மடிப்பில்லாத பாவாடை உடுத்தி நானும் கடற்கரையில் நின்றேன். முதலடியும் நானே எடுத்தேன்.