பேச்சு நின்ற கம்ப்யூட்டர்

சனிக்கிழமை கல்லூரி மத்தியானத்தோடு முடிந்துவிடும். சர்வமங்களா ஆட்டோவை அனுப்பிவிட்டு, கோலால் படியைத் தட்டியபடி மாடி ஏறினாள். கதவைத் திறந்ததுமே உள்ளே யாரோ வந்துபோயிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. நாற்காலி இருந்த இடத்தில் இல்லை. மேசைப் பக்கம் குட்கா நெடி அடித்தது. கம்ப்யூட்டரைத் தடவிப் பார்த்தாள். எப்போதும் கையில் ஒட்டும் தூசியைக் காணோம். யாரோ அக்கறையாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

அந்த அக்கறைதான் அவளைப் பயமுறுத்தியது. நாற்காலியைத் தேடி இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், அவள் இதுவரை கேட்டேயிராத ஒரு மெல்லிய இசை ஒலித்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

வழக்கமாக அந்த இடத்தில் ஒரு குரல் வரும். தகரத்தைத் தட்டி எடுத்தாற்போலக் கன்னடம் பேசும் குரல். திரையில் எது இருந்தாலும் அதைப் படித்துச் சொல்லும். அது பேசினால்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர், பேசாவிட்டால் வெறும் பெட்டி.

சர்வமங்களாவுக்குப் பத்தொன்பது வயதில் காய்ச்சலோடு பார்வை போயிற்று. அதன் பிறகுதான் எம்.ஏ. படித்தாள், தார்வாடில் சரித்திர விரிவுரையாளராகவும் ஆனாள். இப்போது நாற்பத்தொன்று. படிப்பும் வேலையும் வந்த பிறகும், தனக்கு வந்த கடிதத்தைத் தானே படிக்கும் யோகம் மட்டும் வெகுநாள் வாய்க்கவில்லை. யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள்தான் படிப்பார்கள். இருபத்திமூன்று வயதில், கூடப் படித்த ஒருவன் ஊருக்குப் போய் அவளுக்கு ஒரு கடிதம் போட்டான். அண்ணன் ஈரண்ணா அதை வாங்கி, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் உரக்கப் படித்தான். அவன் மனதில் கெடுதல் எதுவும் இல்லை. கல்லூரி விஷயம் என்றே நினைத்திருந்தான். நடுவில் ஒரு வரி வந்ததும் சித்தப்பா சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். சர்வமங்களா தட்டில் இருந்த சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அந்தக் கடிதத்துக்கு அவள் பதிலே போடவில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. தகரக் குரலை மட்டாக வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் உலகத்தில் எவன் தயவும் வேண்டியதில்லை.

அந்த வருஷம் உகாதி முடிந்ததிலிருந்து பத்திரிகையெல்லாம் ஒரே பேச்சு. பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, எல்லாரும் புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. கீழ்வீட்டில் குடியிருந்த ஈரண்ணாவுக்கு சிமெண்ட் வியாபாரம். கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பயத்தைக் கிளப்பிவிட்டுப் போவார்கள். அவன் அதைச் சுமந்துகொண்டு மாடிக்கு வருவான்.

"இத பாரு மங்களா, திருடன் உள்ள வந்தா கூட தெரியாதாம். உன் பேங்க் கணக்கு எல்லாம் இதுலதான இருக்கு?"

"பரீட்சை பேப்பர் திருத்தி முடிக்கட்டும் அண்ணா. அப்பறம் யோசிக்கறேன்."

"நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் துடைச்சுட்டுப் போயிருவான்."

இன்னொரு பக்கம் தாவல்சாப். ஹுப்பள்ளியில் வங்கிக் குமாஸ்தா, அவனுக்கும் பார்வை கிடையாது, பிறவியிலிருந்தே. விண்டோஸே வேண்டாம் என்று லினக்ஸுக்கு மாறியிருந்தான். புதிதாக மதம் மாறியவனைப் போல அவனுக்கு அதில் அப்படியொரு உற்சாகம். "ஒரு பைசா செலவில்ல அக்கா, வைரஸ் தொல்லை இல்ல. வந்துருங்க எங்க பக்கம்" என்று வாரம் தவறாமல் போன் பண்ணுவான். உங்கள் பக்கத்தில் கன்னடம் சரியாகப் பேசுமா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

மாறத்தான் வேண்டும் என்று சர்வமங்களாவுக்கும் தெரியும். மற்றவர்களுக்கு அது புதுச்சட்டை போட்டுக்கொள்வது மாதிரி. அவளுக்கோ இருட்டில் வீடு மாறுவது மாதிரி. எந்தச் சாமான் எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாகத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காரணத்தின் பெயர் ரேவணசித்தப்பா; சித்தப்பா உறவெல்லாம் இல்லை, பெயரே அப்படித்தான். ராய்ச்சூரில் ஒரு கல்லூரி நூலகர். போன வருஷம் பாதாமியில் நடந்த கருத்தரங்கில் பழக்கம். கல்வெட்டு ஒன்றை அவர் எழுத்து எழுத்தாகப் படிக்க, அவள் விரலால் தடவிக்கொண்டே வந்து, "இந்த எழுத்து நீங்க சொல்றது இல்ல" என்று திருத்தினாள். அங்கிருந்து ஆரம்பித்தது. சாளுக்கியரைப் பற்றி எழுதத் தொடங்கிய மெயில்கள் மெல்ல மெல்ல அவருடைய சமையல், அவளுடைய மாணவர்கள், ராய்ச்சூர் வெயில் என்று இறங்கி வந்துவிட்டன. கடைசியாக வந்த மெயிலில் இப்படி எழுதியிருந்தார்: "ஒரு விஷயம் கேட்க வேண்டும். நேரில் கேட்டால் நாக்கு குழறும். இந்த வாரத்துக்குள் எழுதிவிடுகிறேன்."

அந்த வாரம் இன்றோடு முடிகிறது. கம்ப்யூட்டர் இன்று பார்த்து ஊமையாகிவிட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஈரண்ணாவும் அவன் மனைவி கஸ்தூரியும்.

"எப்படி இருக்கு?" என்றான் ஈரண்ணா. குரலில் பெருமை வழிந்தது. "விண்டோஸ் செவன். மெமரியும் புதுசா போட்டாச்சு. நம்ம கடைக்கு வர்ற பையன்தான் காலையிலேர்ந்து உக்காந்து பண்ணான். உன் பைல் ஒண்ணு கூட போகல, எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சிருக்கான்."

"அண்ணா, இது பேசல."

"என்ன பேசல?"

"என் குரல். அதை எங்க போட்டான்?"

கஸ்தூரிதான் மெதுவாகச் சொன்னாள், "அழிச்சிட்டுப் புதுசா போட்டேன்னான். அப்ப அதுவும் சேர்ந்து போயிருக்கும். நான் அப்பவே சொன்னேன் இவங்ககிட்ட, மங்களா வரட்டும்னு."

"நீ எங்கடி சொன்ன?"

"டீ குடுக்கறப்ப சொன்னேன். உங்க காதுல விழுந்தாத்தான?"

சர்வமங்களா கீபோர்டைத் தள்ளி வைத்தாள். கத்தினால் அழுகை வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். தங்கை முகத்தைப் பார்த்து ஈரண்ணா பதறிப்போனான். பதறினால் உடனே எதையாவது செய்தாக வேண்டும் அவனுக்கு.

"அந்தப் பையன் ஊருக்குப் போயிட்டான், திங்கட்கிழமைதான் வருவான். அதுக்கென்ன இப்போ? நான் இருக்கேனே! பாஸ்வேர்ட சொல்லு, மெயில் எல்லாத்தையும் நானே படிச்சுச் சொல்றேன். நகரு."

"வேண்டாம்."

"அட, அவசரமா ஏதாவது வந்திருந்தா?"

"வேண்டாம்னு சொல்றேன்ல, அண்ணா!"

அவள் அப்படிக் குரல் உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஈரண்ணா நாற்காலி முதுகில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டான். "நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணேன்" என்று முனகினான்.

"எனக்குன்னா என்கிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க. உங்க கண்ணாடிய நான் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, புதுசு வாங்கித் தரேன் இருங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்?"

கஸ்தூரி அவன் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். இரண்டு ஜோடிச் செருப்பும் படியிறங்கிப் போயின. அண்ணனைக் கடிந்துகொண்டது சர்வமங்களாவுக்கு ஒரு பக்கம் உறுத்தியது. இன்னொரு பக்கம், பதினெட்டு வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை இன்றைக்குச் சொல்லிவிட்டது போலவும் இருந்தது. போனை எடுத்து தாவல்சாப்புக்கு அடித்தாள்.

"ஹா ஹா! நான்தான் சொன்னேனே அக்கா, லினக்ஸ்..."

"தாவல்சாப், இப்ப லினக்ஸ் பேரைச் சொன்னா போனை வெச்சுருவேன். இதுக்கு வாய் வரவைக்க வழி இருந்தா சொல்லு."

அவள் குரலில் இருந்ததை அவன் கேட்டிருக்க வேண்டும். உடனே விளையாட்டை விட்டுவிட்டான். "ஒண்ணும் பயப்படாதீங்க. செவனுக்குள்ளயே ஒரு குரல் தூங்கிட்டிருக்கு, எழுப்பி விடணும். கன்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவுல இருக்கற கீய அமுக்கிட்டே ஆர் தட்டுங்க. தட்டினீங்களா? இப்ப நரேட்டர்னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டர்."

ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். என்டர் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. இதுவும் போச்சு என்று அவள் நினைத்த நொடியில், வெளிநாட்டுப் பெண்ணொருத்தியின் குரல் மளமளவென்று ஆங்கிலத்தில் ஏதோ பேசத் தொடங்கியது.

"வந்துட்டா!" என்று சர்வமங்களா கூவினாள்.

"வந்துட்டாளா? அவள வெச்சு இன்டர்நெட்டுக்குப் போங்க. மிச்சத்த நீங்களே பாத்துக்குவீங்க."

உள்ளே போனதும் முதலில் மெயிலைத்தான் திறந்தாள். பொறுமை இல்லை. அனுப்பியவர் முகவரி ஆங்கிலத்தில் இருந்ததால், ரேவணசித்தப்பாவின் மெயில் வந்திருப்பது தெரிந்தது. அந்த வெள்ளைக்காரிக்கோ கன்னடம் தெரியாது. ரேவணசித்தப்பா கன்னடத்தில்தான் எழுதுவார். கன்னட எழுத்து வந்த இடத்தையெல்லாம் தாண்டித் தாண்டிப் போய், கடிதத்தில் இருந்த எண்களை மட்டும் ஆங்கிலத்தில் வாசித்தாள். "ஃபார்ட்டி சிக்ஸ்." கொஞ்சம் விட்டு, "டூ." அவ்வளவுதான். கடிதம் வந்துவிட்டது. அதில் நாற்பத்தாறு இருக்கிறது, இரண்டு இருக்கிறது. நடுவில் என்ன எழுதியிருக்கிறதோ, அது அவள் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. கீழே கூப்பிட்டால் அண்ணன் ஓடி வந்து ஒரு நிமிஷத்தில் படித்துவிடுவான்.

அவள் கூப்பிடவில்லை. தகரக் குரலைத் தேடிப் புறப்பட்டாள். பழகிய வீட்டில் எல்லாச் சாமானும் இடம் மாறியிருந்தது. இருக்கும் என்று நினைத்த இடத்தில் இல்லை, இல்லாத இடத்தில் முட்டியது. வெள்ளைக்காரி பாதி வார்த்தையை விழுங்கினாள். ஒருமுறை எதையோ தட்டப்போய் எல்லாமே மூடிக்கொண்டது, மறுபடி முதலிலிருந்து. ஆனால் முட்டி முட்டிப் போகையில், இந்தப் புது வீடு அப்படியொன்றும் மோசமில்லை என்றும் தோன்றியது. அடித்த வார்த்தைக்கு ஏற்றதைத் தானே தேடிக் கொடுத்தது. பழையது போல நடுவில் உறைந்து நிற்கவில்லை. கடைசியில் இலவசமாகக் கிடைக்கும் அந்த வாசிப்பு மென்பொருளின் பக்கத்தைப் பிடித்தாள், இறக்கினாள், நிறுவினாள். மொழிகளின் வரிசையில் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, என்டரை அழுத்தினாள்.

தகரம் பேசிற்று. அதே கரகரப்பு, மூச்சே விடாத அதே கன்னடம்.

சர்வமங்களா நாற்காலியில் சாய்ந்தாள். கழுத்தும் முதுகும் வியர்வையில் நனைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நனைந்தது. முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டி, மெயிலைத் திறந்தாள்.

"எனக்கு 46 வயது. தலையில் முடி குறைவு. உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். மனைவி இறந்து ஆறேழு வருஷமாகிறது. என் ரொட்டி 2 பக்கமும் ஒரே மாதிரி வேகாது. உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம். உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அல்ல. உங்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருக்கிறது. விருப்பமில்லை என்றால் சாளுக்கியரைப் பற்றி மட்டும் பதில் எழுதுங்கள். புரிந்துகொள்வேன்."

மூன்று தடவை படிக்க வைத்தாள். தகரக் குரலுக்கு வெட்கம் கிடையாது. மூன்று தடவையும் ஒரே மாதிரி, வரி விளம்பரம் வாசிப்பது போல வாசித்தது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. எழுதியவருக்கும் அவளுக்கும் நடுவில் வேறு ஒரு ஆளின் மூச்சு கூட இல்லை.

பதிலில் சாளுக்கியரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ரொட்டி தனக்கு நன்றாக வரும் என்றும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தார்வாடுக்கு வந்து அண்ணனைப் பார்க்கும்படியும் எழுதி அனுப்பினாள்.

பிறகு கீழே இறங்கிப் போனாள். கூடத்தில் டி.வி. ஓடவில்லை. ஈரண்ணா அங்கேதான் இருக்கிறான் என்பது அவன் தொண்டையைச் செருமியதில் தெரிந்தது.

"பேசுதா?" என்றான்.

"பேசுது."

"அப்பாடா!" அவன் விட்ட மூச்சு அவள் முகம்வரை வந்தது. "அந்தப் பையன திங்கட்கிழமை வரச்சொல்லி பழையதையே திருப்பிப் போடச் சொல்லிருக்கேன். உனக்கு எது வேணுமோ அதுதான்."

"வேண்டாம் அண்ணா, இதுவே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே என் கம்ப்யூட்டர்ல கைய வைக்கறதுன்னா..."

"உன்ன கேக்காம தொட மாட்டேன். போதுமா? உன் வைனி மேல சத்தியம்."

"என் மேல ஏன் சத்தியம் பண்றீங்க, உங்க சிமெண்ட் மேல பண்ணுங்க" என்றாள் கஸ்தூரி சமையலறையிலிருந்து.

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று சர்வமங்களா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. என்ன எழுதிருக்குன்னு நானே சொல்றேன், நடுவுல பேசாம கேளுங்க" என்று ஆரம்பித்தாள். முடி விஷயத்தையும் விடாமல் சொன்னாள். ஈரண்ணா நடுவில் வாயைத் திறக்கவில்லை. கஸ்தூரி கையில் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள் போல. எண்ணெய் காய்ந்து புகைகிற வாசனை வந்தது.

"ராய்ச்சூரா?" என்றான் ஈரண்ணா கடைசியில். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "அங்க வெயில் கொளுத்துமே, மங்களா."

"அவரே இங்க மாத்தல் வாங்கிட்டு வரட்டும், வைனி சொன்னா கேக்காதவங்க உண்டா?" என்றாள் சர்வமங்களா.

"முதல்ல அவர் வரட்டும், அப்பறம் சொல்றேன். இப்ப எண்ணெய் கருகுது" என்று கஸ்தூரி உள்ளே ஓடினாள். மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. ஈரண்ணா தங்கையின் கையைத் தேடிப் பிடித்து, அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் இருந்தான்.