சொக்கநாதனின் கட்டில் நகர்ந்த விவரம்

குடலிறக்க அறுவைக்கு எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மறுநாள் காலை பத்தரை மணிக்கு, குளத்தூர் சொக்கநாதனின் கட்டில் அவரையும் சுமந்துகொண்டு ஐம்பது மீட்டர் வடக்கே நகர்ந்தது. சுவரில் கீறல் விழவில்லை. கட்டில் பக்கத்து வீட்டு விலாசினியின் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் போய் நின்றது. தாலுக்கா ஆபீசில் சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், சொக்கநாதன் முதலில் டேப்பை வரவழைத்து அளந்தார். ஆஸ்பத்திரி பத்து கிலோமீட்டர். அப்படியானால் தனக்கு முன்னால் இருநூறு பேர். அங்கே ஒருவருக்கு அறுவை முடிந்தால் இங்கே கட்டில் ஐம்பது மீட்டர் போகும், ஞாயிற்றுக்கிழமை போகாது. விலாசினி கட்டிலைச் சுற்றிக் களை பறித்தாள்.

இரண்டாம் மாதம் பெரிய ரோட்டில் ஏறியபோது மற்றவர்களின் கட்டில்களும் தெரிந்தன, ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக, ஓரம் ஒதுங்கி. பஸ்காரர்கள் பழகிவிட்டார்கள். மனைவி ஆனந்தலட்சுமி கஞ்சியும் பயறும் கொண்டுவந்து, மழைக்குத் தார்ப்பாய் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். அவருக்கு நேர் முன்னால் இருந்த கட்டில் ரப்பர் வெட்டும் சத்தியதாசுடையது. அவருடைய மகள் ஜிஜிக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் வேலை. அது தெரிந்த நாளிலிருந்து சொக்கநாதனுக்கு நிம்மதியில்லை.

ஆறாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கட்டில் பின்னால் போனது. யாரோ முன்னால் நுழைந்திருக்கிறார்கள். சத்தியதாசின் கட்டிலும் பின்னால் வந்ததை அவர் பார்த்தார். சந்தேகம் வராமலிருக்கச் செய்த ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டார். கட்டில் காலை ஒரு ரப்பர் மரத்தில் கயிறு போட்டுக் கட்டினார். வியாழக்கிழமை கட்டில் மறுபடி பின்வாங்கியபோது மரமும் கூட வந்தது, சிரட்டையில் பால் சிந்தாமல். மரத்துக்காரர் அங்கேயே வந்து பால் வெட்டிக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் சொக்கநாதன் நடந்து போய்ச் சத்தியதாசிடம் கேட்டே விட்டார்: "மவள வச்சு ஆரையாக்கும் உள்ள கேத்தி விடுதீரு?"

சத்தியதாஸ் கட்டிலிலிருந்து இறங்கினார். "சாரே, நீங்க பழைய சர்க்கார் ஆளு. நான் ஒங்களையாக்கும் நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பாமல் ஒரே பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுவைப் பிரிவு நர்ஸ் லேகா பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் சிவப்பு மையில் இரண்டு பெயர்கள்.

"ரேஷன் கடை வரிசை இல்ல சாரே இது. இந்த ரெண்டு பேருக்கும் குடல் முறுகிப்போச்சு. அன்னைக்கே கீறலேன்னா ஆளு உண்டாவாது. ஒங்களுக்கும் அடிவயித்துல வீங்கி நிக்கிய முழை உள்ள போவாம கல்லு மாதிரி நின்னு, ஓங்கரிச்சு சர்த்தியும் வந்தா, நாளு பாக்காம ஓடி வரணும்."

சொக்கநாதன் தலையாட்டினார். இறங்கி வரும்போது, சிவப்பு மை எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வீடு தேடிப் போய் விசாரிக்க அந்த இரண்டு பெயர்களையும் பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்தார்.

விசாரிக்க வாய்க்கவில்லை. அடுத்த வாரம், மத்தியானக் கஞ்சி இறங்கிய கொஞ்ச நேரத்தில், அடிவயிற்றில் முழை இறுகியது. அழுத்தினால் உள்ளே போகவில்லை. பச்சையாக வாந்தி எடுத்தார். ஆனந்தலட்சுமி அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "என்ன செய்யுது? சொல்லுங்க" என்றாள். பதில் வருமுன் கட்டில் கிளம்பியது. இம்முறை ஐம்பது மீட்டரில் நிற்கவில்லை. சத்தியதாசைத் தாண்டி, அறுபத்து மூன்று கட்டில்களைத் தாண்டி, ஆனந்தலட்சுமி ஆட்டோ பிடித்தும் எட்ட முடியாத வேகத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனது. தாண்டப்பட்ட ஒவ்வொரு கட்டிலும் பின்னால் நழுவ, அதிலிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவருக்கு நன்றாகத் தெரியும். 'எனக்கு ஆளொண்ணும் இல்லை' என்று கத்த நினைத்தார். வாயைத் திறந்தால் வாந்திதான் வந்தது.

ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். பிழைத்தார். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போகும் வழியில், சத்தியதாசின் கட்டிலருகே ஆட்டோவை நிறுத்தி இறங்கினார்.

"ஆரு வழியாக்கும் போனீங்க?" என்று கேட்டார் சத்தியதாஸ்.

சொக்கநாதன் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். சத்தியதாஸ் குனிந்து, ரப்பர் பட்டையில் வெட்டு விழுந்த கோணத்தைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். மணி பத்தரை. ரோட்டோரம் அத்தனை கட்டில்களும் ஐம்பது மீட்டர் முன்னே நகர்ந்தன. சொக்கநாதன் வயிற்றைப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி, பின்னால் வந்த கட்டிலுக்கு வழிவிட்டார்.