நடு ஏரியில் சகலை

இரண்டு வருடமாக முகத்தில் முழிக்காத சகலை ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்று, "கயாக் வாங்கப் போறீங்களாமே, நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டபோது பரிசோதகர் 'உள்ளே வாங்க' என்றுகூடச் சொல்லாமல் மனைவியைத் தேடி உள்ளறைக்குப் போனார்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவும் தங்கையும் இத்தனை நாளாய்த் திருட்டுத்தனமாக போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். இனி அந்தப் பாடு இல்லை. "அவரே இறங்கி வந்துட்டாரு. நீங்க முறுக்கிக்கிட்டு நிக்காதீங்க" என்று உள்ளறையில் வைத்து அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

பரிசோதகர் லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். சகலை லிஃப்ட் மெக்கானிக். ஒரு காலத்தில் இவர் அவரை வாடா போடா என்றும், அவர் இவரை அண்ணா என்றும் உரிமையோடு பழகியவர்கள். பிறகு ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டின் பிரேக் பிடிக்காமல், ஆள் உள்ளே இருக்கும்போதே இரண்டு மாடி சரிந்து விழுந்தது. தரை துடைக்கும் பெண்மணி ஒருத்திக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விசாரித்து அறிக்கை எழுதியவர் பரிசோதகர்தான். 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று எழுதினார். சகலையின் உரிமம் போயிற்று. சொந்தக்காரர் என்றும் பார்க்காமல் எழுதினாரே என்று அலுவலகத்தில் அவரைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். அறிக்கையில் அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அது அவருக்கும் சகலைக்கும் மட்டும்தான் தெரியும்; சகலையிடம் அதற்கு அத்தாட்சி எதுவும் இல்லை.

இப்போது அந்தச் சகலை தண்ணீர் மோட்டார் பழுது பார்த்துப் பிழைக்கிறார். மீதி நேரமெல்லாம் கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறார். பரிசோதகர் கரையில் நின்றே தூண்டில் போட்டு அலுத்தவர். மீனெல்லாம் எட்டாத தூரத்தில் துள்ளுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கும் கயாக் ஆசை வந்தது.

கடைக்காரி தோள் அகன்ற, வெயிலில் கறுத்த பெண். சுவரெல்லாம் கயாக்குகள் செங்குத்தாக நின்றன. பரிசோதகர் நேராகப் போய் ஒல்லியான சிவப்பு நிறக் கயாக் ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"அது வேகமாப் போறதுக்கு சார். நீங்க மீன் பிடிக்கணும். எடை எவ்வளவு இருப்பீங்க?"

பரிசோதகர் சொன்னார். சொல்லும்போதே நாலைந்து கிலோவை விழுங்கிவிட்டார்.

"கூடவே தூண்டில், பெட்டி, ஐஸ், பிடிக்கிற மீன் எல்லாம் இருக்கு. அகலமானது எடுங்க. உள்ள காலை விட்டு உக்கார்றது ஒண்ணு, மேலயே உக்கார்றது ஒண்ணு. உங்களுக்கு மேல உக்கார்றதுதான் சரி. கவுந்தாலும் உள்ள மாட்டிக்க மாட்டீங்க."

கவிழ்வதை அவள் ஏதோ மழை பெய்வதைப் போலச் சொன்னாள். பச்சை நிறத்தில் பட்டையான ஒன்றைக் கீழே இறக்கிக் காட்டினாள். உள்ளே வெறும் காற்று, அதனால்தான் மிதக்கிறதாம். உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கப் பின்பக்கம் ஒரு சின்னத் துளை, அதற்குத் திருகு மூடி.

அதுவரை வாய் திறக்காத சகலை அப்போதுதான் குனிந்து அந்த மூடியை விரலால் திருகிப் பார்த்தார்.

"இந்த மூடி இல்லைன்னா எவ்வளவு நேரம் தாங்கும்?"

"மூடி இல்லாம யாரு சார் இறங்குவா?" என்று சிரித்தாள் கடைக்காரி. பிறகு சொன்னாள்: "கொஞ்சம் கொஞ்சமா ஏறும். உக்கார்ந்திருக்கறவருக்கே தெரியாது. நடுவுல போய்த் திரும்பும்போதுதான் ஆட ஆரம்பிக்கும்."

சகலை தலையாட்டிக்கொண்டார். பரிசோதகருக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது. மெக்கானிக் புத்தி, எதையும் கழற்றிப் பார்க்கத்தான் சொல்லும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

அந்தப் பச்சைக் கயாக்கையே வாங்கி, முதல் இரண்டு வாரம் ஊரை ஒட்டிய குளத்தில், இடுப்பளவு தண்ணீரில்தான் பழகினார்கள். சகலை பழக்கிக் கொடுத்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. துடுப்பை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, தோளால் வலிக்கக் கூடாது, இடுப்பைத் திருப்ப வேண்டும் என்றார். வேண்டுமென்றே கவிழச் சொன்னார். முதலில் வயிற்றைப் படகின் மேல் போட வேண்டும், பிறகு புரண்டு மல்லாந்து படுக்க வேண்டும், கடைசியில் உட்கார வேண்டும். பரிசோதகர் ஏழு தடவை விழுந்து மூன்று தடவை ஏறினார். கரையில் நின்ற மனைவியும் மச்சினியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. விழுந்தவர் மேலே வர எத்தனை நேரமாகிறது என்று ஒவ்வொரு தடவையும் கணக்கு வைப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாவது ஞாயிறு, "பெரிய ஏரிக்குப் போலாம். ரெண்டு பேர் மட்டும்" என்றார் சகலை.

போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. ஆள் அரவமே இல்லை. தண்ணீருக்குள் மூழ்கிச் செத்த மரங்களின் நுனிகள் மட்டும் அங்கங்கே கறுப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. பரிசோதகர் வண்டிக்குப் பின்னால் நின்று செருப்பு மாற்றி வருவதற்குள் சகலை இரண்டு கயாக்குகளையும் தண்ணீரில் இறக்கித் தயாராக வைத்திருந்தார்.

"எல்லாம் பாத்துட்டேன். ஏறுங்க அண்ணா."

அண்ணா! இரண்டு வருடம் கழித்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். மாறாக அவர் லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கொக்கிகளையும் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

கால் மணி நேரம் துடுப்பு வலித்தபின் சகலை திரும்பிப் பார்த்தார். "வேர்த்துக் கொட்டுதே. அந்த ஜாக்கெட்டக் கழட்டிருங்களேன். இங்க யாரு பாக்கப் போறா?"

பரிசோதகர் இரண்டு கொக்கிகளை அவிழ்த்தார். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. இருபத்தாறு வருடம் பாதுகாப்பு விதி பேசிப் பேசி ஊறிப்போன கை அது. "இருக்கட்டும்" என்றார், அவிழ்த்த இரண்டையும் மாட்டாமலே.

"உங்க இஷ்டம்."

காற்று அவர்களைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. நடு ஏரியில் சகலை துடுப்பை மடியில் குறுக்கே வைத்தார்.

"இங்க ஆழம் எவ்வளவு தெரியுமா அண்ணா? ஆறு மாடி."

பரிசோதகர் தூண்டில் பெட்டியைத் திறக்கக் குனிந்தார்.

"அந்த லெட்டர என்ன பண்ணீங்க?"

"எந்த லெட்டர்?"

"லிஃப்ட் விழறதுக்கு மூணு வாரம் முன்னாடி உங்க மேஜையில நானே கொண்டாந்து வச்சேனே. பிரேக் கட்டை தேஞ்சு போச்சு, உடனே லிஃப்ட்ட நிறுத்தச் சொல்லுங்கன்னு எழுதினேனே. அது."

"அதையெல்லாம் இப்ப எதுக்கு..." என்று மென்று விழுங்கிய பரிசோதகர் படகைத் திருப்பப் பார்த்தார். கரைக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் படகு அவர் பேச்சைக் கேட்கவில்லை. நனைந்த மெத்தையைப் போலக் கனத்தது. காலடியில், எங்கோ உள்ளே, தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருளும் சத்தம் கேட்டது. பின்பக்கம் தாழ்ந்திருந்தது. விஷயம் புரிந்து நிமிர்ந்து சகலையைப் பார்த்த அதே நொடியில் உலகம் புரண்டது.

குளத்துத் தண்ணீர் மாதிரி இல்லை அது. மேலே வெதுவெதுப்பு, கீழே எலும்பைப் பிடிக்கும் குளிர். ஒற்றைக் கொக்கியில் தொங்கிய ஜாக்கெட் காது வரை ஏறி வாயை அடைத்தது. ஒரு கையால் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு படகைத் தொட்டார். வயிற்றைத் தூக்கிப் போட்டார். தண்ணீர் நிறைந்த படகு அவரைக் கவிழ்த்துத் திருப்பி அனுப்பியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. கை வலுவிழந்தது.

சகலை அசையவில்லை. கூப்பிடு தூரம்கூட இல்லை, பேசினால் கேட்கும் தூரம். துடுப்பு மடியிலேயே இருந்தது. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"டேய்! வாடா! செத்துருவேன்டா!"

சகலை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனது. இருமி வெளியே வந்தபோது பரிசோதகர் கத்தியது உதவி கேட்டு இல்லை. "கிழிச்சுட்டேன்! லிஃப்ட் விழுந்த அன்னைக்கே கிழிச்சு டாய்லெட்ல போட்டுட்டேன்! கட்டடக்காரன் மேலதிகாரிக்கு வேண்டியவன்... நான்தான் லிஃப்ட்ட நிறுத்தல... நான்தான்!"

பிறகு துடுப்பு தண்ணீரில் இறங்கும் ஓசை கேட்டது. சகலை பக்கத்தில் வந்து, தன் படகின் பின் கைப்பிடியை அவர் பக்கம் திருப்பினார். தூக்கி ஏற்றவில்லை. "பிடிச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னார். கரை வரை இழுத்துக்கொண்டே போனார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் பல் கிட்டிக் கிடந்த பரிசோதகரின் உள்ளங்கையைப் பிரித்துச் சகலை எதையோ வைத்தார். மூடி.

"நான்தான் கழட்டினேன். பயமுறுத்தி உண்மைய வரவழைக்கணும்னுதான் நினைச்சேன். போலீஸ்ல சொல்லணும்னா சொல்லிக்கங்க."

பரிசோதகர் போலீஸுக்குப் போகவில்லை. மறுநாள் காலை அலுவலகம் போய்த் தன் கைப்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி, "யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?" என்று மூன்று முறை கேட்டார். அன்று மாலையே பரிசோதகரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் மனைவி நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. லிஃப்ட்டுக்காகக்கூட இல்லை, தங்கை வீட்டை இரண்டு வருடம் அழ வைத்ததற்காக. கால் முறிந்த பெண்மணியின் வீட்டுக்கும் போனார். அவள் கதவைப் பாதி திறந்து, சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்துச் சகலைக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. அன்று மத்தியானம் அவர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். கண்கள் குழிவிழுந்திருந்தன. "அன்னைக்கு நீங்க வாயத் திறக்கலைன்னா நான் காப்பாத்த வந்திருப்பேனான்னு எனக்கே தெரியல. பயமுறுத்தத்தான்னு உங்ககிட்ட சொன்னேன். வீட்டுக்குப் போய் யோசிச்சா... தெரியல. அத நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது."

'நீ வந்திருப்பாய்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்பதும் பரிசோதகருக்குப் புரிந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பார்த்த அந்த முகம் கண்முன் வந்து நின்றது. பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"காபி போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

சகலை நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.