மூன்று விரல் துணி

தையல்காரம்மாவுக்கு அந்தத் தெருவில் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருடைய இடுப்பளவும் மனப்பாடம். யூனிபார்ம் தைத்தே இருபது வருடம் ஓட்டியவர். எந்தப் பாவாடை தைத்தாலும் கீழே மூன்று விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத்தான் அடிப்பார். "வளர்ற பிள்ளைங்க. அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். அதனாலேயே தாய்மார்களுக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிபார்ம் தைக்கிறவர் வீட்டில் யூனிபார்ம் போட ஆளில்லாமல் போன கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அவருக்கு ஒரே மகள். வாலு என்றால்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். செய்கிற சேட்டைக்கு வால் ஒன்றுதான் குறை. எட்டாம் வகுப்பை முடித்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அதோடு சரி. ஒன்பதாம் வகுப்புக்கு நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும், ஒரு மணி நேரம் பஸ். "அந்தக் கூட்டத்துல பொம்பளப் பிள்ளைய அனுப்பறதா?" என்று தையல்காரம்மாவின் அண்ணன் ஒரே போடாகப் போட்டார். அவர் கண்டக்டர். அதே தடத்தில் பதினைந்து வருடமாக டிக்கெட் கிழிப்பவர். பஸ்ஸில் என்னென்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? கணவனை இழந்த தங்கைக்கு அண்ணன் சொல்தான் சட்டம். வாலு வீட்டோடு நின்றாள்.

நின்றதுதான் தாமதம், பெண் கேட்டு ஆள் வர ஆரம்பித்துவிட்டது. நேற்றுவரை பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளை ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. யூனிபார்ம் கழன்றதும் பதினாலு வயதுப் பிள்ளை அத்தனை பேர் கண்ணுக்கும் கல்யாணப் பெண்ணாகத் தெரிந்தாள். என்ன கண்களோ, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது மாதம் அண்ணனே ஒரு வரனைக் கொண்டுவந்தார்.

"நல்ல இடம்மா. மாப்பிள்ளை மரக்கடை வச்சிருக்கார். வயசு கேட்டா பதினெட்டுன்னு சொல்லிட்டாப் போச்சு. ஞாயித்துக்கிழமை வந்து தேதி குறிக்கிறாங்க. அவங்க முன்னாடி கட்டிக்கிட்டு நிக்க ஒரு பாவாடை தைச்சிடு" என்று ஒரு சிவப்புப் பட்டுத் துணியை மெஷின் மேல் வைத்தார்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தங்கை மகளுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்று தூக்கம் கெட்டவர்தான். ஆனால் பயந்துபோன நல்லவர்கள் செய்து வைக்கிற காரியம் சில சமயம் கெட்டவர்களுக்கே தோன்றாது. தையல்காரம்மாவும் தலையை ஆட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை அளவெடுக்கக் கூப்பிட்டார். டேப் இடுப்பில் பட்டாலே "கூசுதும்மா" என்று துள்ளுகிறவள், அன்று கட்டை மாதிரி நின்றாள். ஒரு வாரமாகவே பேச்சில்லை. தாய்க்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் கத்தரி ஓடியது, மெஷினும் ஓடியது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் காக்கிச் சட்டையோடு வந்தார். தைத்து முடித்த பாவாடையைத் தூக்கி, விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, கீழ எதுக்கு இவ்வளவு துணிய உள்ள மடிச்சிருக்க? தடிப்பாத் தெரியுதே."

"வளர்ற பிள்ளைண்ணே. அடுத்த வருஷம் பிரிச்சு..."

சொல்லும்போதே தையல்காரம்மாவுக்கு உறைத்தது. இருபது வருடப் பழக்கத்தில் கை தானாக மடித்திருக்கிறது, கல்யாணம் பேசுகிற பாவாடையில்! அதைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு மடிப்பையே பார்த்தார். பிறகு மூன்று மாதமாக அடக்கி வைத்ததையும் சேர்த்து அழுது தீர்த்தார்.

"அவ இன்னும் வளர்ந்தே முடிக்கலண்ணே. மூணு விரல் பாக்கி இருக்கு. எனக்கு மனசில்ல. வர்றவங்கள வேணாம்னு சொல்லிடுண்ணே."

"வாக்கு குடுத்துட்டேனே! சரி, படிக்கவே அனுப்பறேன்னு வை. பஸ்ல எவனாவது ஏதாவது பண்ணினா யாரு பாக்கறது?"

கதவோரம் நின்ற வாலு ஒரு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"மாமா, அது உங்க பஸ்தானே? உங்க பஸ்லயே என்னைப் பாத்துக்க உங்களால முடியாதுன்னா, முன்னப்பின்ன தெரியாத வீட்ல என்னை யாரு மாமா பாத்துப்பா?"

நாள் முழுக்கப் பயணிகளை அதட்டுகிற மனிதர் டிக்கெட் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். கோபமா வருத்தமா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மகளும் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் எந்த வண்டி நின்றாலும் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அண்ணன் மட்டும் தனியாக நின்றார்.

"போய்ச் சொல்லிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நானே கூட வந்து பள்ளிக்கூடத்துல சேர்த்து விடறேன். காலையில ஏழே காலுக்கு வண்டி. முன்னாடி சீட்டு. லேட்டா வந்தா மருமகளாச்சேன்னு பாக்க மாட்டேன், விசில் அடிச்சிருவேன்."

அப்பாடா! தையல்காரம்மாவுக்கு மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அன்றைக்கே யூனிபார்மை வெட்டினார். சிவப்புப் பாவாடையைப் பிரித்து மெஷினுக்கு உறை தைத்துவிட்டார்.

யூனிபார்ம் ஏறிய நாளிலிருந்து பெண் கேட்டு ஒரு ஈ காக்கா வரவில்லை. மாமா பஸ்ஸில் போட்ட சத்தத்தில் முன்பக்கப் படியில் தொங்குகிறவர்கள் எல்லாம் காணாமல் போனார்கள். அதைப் பார்த்து அதே தெருவில் வீட்டோடு நின்றிருந்த இன்னும் இரண்டு பெண்களும் பையை மாட்டிக்கொண்டு வந்து ஏறினார்கள். அவர்களுக்கும் யூனிபார்ம் யார் தைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருடம் பள்ளி திறப்பதற்கு முதல் நாள் தையல்காரம்மா மகளின் பாவாடை மடிப்பைப் பிரித்தார். மூன்று விரல் துணி வெளுக்காமல் புத்தம் புதிதாக இறங்கியது. கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். அப்போதும் நீளம் போதவில்லை.

சிரித்துக்கொண்டே டேப்பை எடுத்தார். இடுப்பில் பட்டதுமே வாலு "கூசுதும்மா!" என்று ஒரு துள்ளு துள்ளினாள்.

"ஆடாம நில்லுடி" என்று அதட்டிவிட்டு, புதுத் துணியில் இந்தத் தடவை நாலு விரல் மடிப்பு விட்டார்.